குருஷினியானி: போலந்தின் தாத்தார் கிராமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தின் கிழக்கு ஓரத்தில் குருஷினியானி என்று ஒரு சின்ன ஊர். நீளமாக ஒரு தெரு, இருபுறமும் மரவீடுகள், மரநிழலில் பச்சை வண்ணம் பூசிய மரப் பள்ளிவாசல் ஒன்று. அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இது போலந்திலா?" என்றுதான். ஆமாம், போலந்தில்தான். அதுவும் நேற்று கட்டியது அல்ல. அடுத்தடுத்து வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது?

வார்சாவிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 200 கி.மீ. போனால் பியாவிஸ்தோக் நகரம் வரும். போத்லாசியே மாகாணத்தின் தலைநகர் அது. அங்கிருந்து கிழக்கே இன்னும் 50 கி.மீ. வழி நெடுகப் பெரும்பாலும் காடு. காடு விலகி வயல் தெரியும் இடத்தில் குருஷினியானி. அதைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் பெலாரஸ் எல்லை. நிர்வாகக் கணக்கில் சோகூவ்கா மாவட்டம், கிரின்கி வட்டாரம். ஊரில் இருப்பவர்கள் இருநூறு பேர்கூடத் தேறமாட்டார்கள்.

இவ்வளவு சின்ன ஊரில் பள்ளிவாசல் எப்படி வந்தது?

சம்பள பாக்கியால் வந்தது. சுற்றுலாக் கையேடுகள் இதை இப்படிப் பட்டென்று சொல்வதில்லை. ஆனால் கதையின் ஆணிவேர் அதுதான்.

தாத்தார்கள் துருக்கிய மொழி பேசிய முஸ்லிம் குதிரைவீரர் மக்கள். அவர்கள் இந்தப் பக்கம் வந்தது 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அன்றைக்கு லிதுவேனியாவை ஆண்ட பெருங்கோமகன் விட்டாவ்தாஸ், மங்கோலியர் நிறுவிய பொற்கூடாரப் பேரரசின் உள்சண்டையில் தோற்று ஓடிவந்தவர்களுக்கும் போரில் பிடிபட்டவர்களுக்கும் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். பதிலுக்கு அவர்கள் குதிரைப்படையில் சேவை செய்ய வேண்டும். 1410-இல் கிருன்வால்ட் போரில் ஜெர்மானிய மாவீரர் சபைக்கு எதிராக நின்ற படையில் தாத்தார் குதிரை வீரர்களும் இருந்தார்கள். அவரவர் மதம் அவரவருக்கு என்பது சொல்லப்படாத ஒப்பந்தம். சில தலைமுறைகளில் போலந்து, லிதுவேனியா இரண்டும் சேர்ந்து ஒரே குடியரசு ஆனது. தாத்தார்கள் அதன் நிரந்தரப் படைக்குடி ஆனார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கஜானா காலி. சுவீடன், மாஸ்கோ, கொசாக்குகள் என்று நாலாபக்கமும் சண்டை நடந்து ஓய்ந்த நேரம். படைவீரர்களுக்குச் சம்பளம் வருடக்கணக்கில் நின்றது. போதாக்குறைக்கு, தாத்தார்களுக்கு இருந்த பழைய மத உரிமைகளிலும் நாடாளுமன்றம் கைவைத்தது. 1672-இல் துருக்கிய சுல்தானின் படை உள்ளே வந்தபோது, தெற்கே இருந்த தாத்தார் படைப்பிரிவுகள் பல அப்படியே எதிர்ப்பக்கம் போய்விட்டன. வரலாற்றில் இதற்கு லிப்கா கலகம் என்று பெயர். லிப்கா என்பது இந்தத் தாத்தார்களின் இன்னொரு பெயர்.

போனவர்களைத் திரும்ப அழைக்கவும், போகாமல் நின்றவர்களைத் தக்கவைக்கவும் ஏதாவது கொடுக்க வேண்டுமே! 1674-இல் அரியணை ஏறிய மூன்றாம் யான் சோபியெஸ்கியிடம் காசு இல்லை, நிலம் இருந்தது. இன்று பெலாரஸில் உள்ள குரோத்னோ நகரைச் சுற்றியிருந்த அரச நிலங்களில் பல கிராமங்கள் போரால் பாழாகிக் கிடந்தன. 1679 மார்ச் 12-ஆம் தேதியிட்ட சாசனத்தின்படி, படைப்பதவிக்குத் தக்கபடி அந்த நிலங்களைத் தாத்தார் வீரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். குருஷினியானி, கர்னல் சாமுவேல் முர்சா கிஷெச்சோவ்ஸ்கிக்கும் அவர் ஆட்களுக்கும் போனது. போஹோனிகி என்ற ஊர் இன்னொரு பிரிவுக்கு. நிலவரி கிடையாது, கூப்பிட்டால் குதிரையோடு வர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

ஆக, இந்த ஊர் தாத்தார் ஊரானது ஓர் அரசன் பட்ட கடனுக்கு ஈடாக.

மன்னரின் உயிரைக் காப்பாற்றியதற்குப் பரிசாகக் கிடைத்த ஊர் என்கிறார்களே?

அதுதான் ஊரில் சொல்லும் கதை. 1683-இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியரைச் சோபியெஸ்கி செப்டம்பர் 12 அன்று விரட்டியடித்தார். அடுத்த மாதம் டான்யூப் கரையில் பார்க்கானி என்ற இடத்தில், எதிரி எவ்வளவு பேர் என்று பார்க்காமல் முன்படையோடு பாய்ந்து மாட்டிக்கொண்டார். அக்டோபர் 7 அன்று போலந்துப் படை சிதறி ஓடியது. மன்னரே மயிரிழையில் தப்பினார். அவரைத் தூக்கிக் காப்பாற்றியது கிஷெச்சோவ்ஸ்கி என்பது கதை. இரண்டு நாள் கழித்துத் துணைப்படை வந்து சேர, அதே இடத்தில் வெற்றி பெற்றார்கள்.

கதையில் ஒரே ஒரு சிக்கல். சாசனம் 1679, பார்க்கானி 1683. நான்கு வருடம் கழித்து நடந்த காரியத்துக்கு யாராவது முன்கூட்டியே பரிசு கொடுப்பார்களா?

இதனால் கதை முழுக்கப் பொய் என்று ஆகிவிடாது. கிஷெச்சோவ்ஸ்கி அந்தப் படையெடுப்பில் இருந்தவர்தான். 1688-இல் குரோத்னோ நாடாளுமன்றக் கூட்டத்துக்குப் போகும் வழியில் மன்னர் குருஷினியானியில் இறங்கி, பழைய தோழன் வீட்டில் விருந்துண்டதாகவும் சொல்கிறார்கள். ஊரிலுள்ள பழைய லிண்டன் மரங்களைக் காட்டி, இதன் நிழலில்தான் உட்கார்ந்தார் என்பார்கள். ஆனால் பரிசு என்ற சொல் கடனை மறைத்துவிடுகிறது. கடனை அடைத்தவரைவிட வரம் கொடுத்தவர் கதையில் அழகாகத் தெரிவார் அல்லவா? எனக்கு என்னவோ கடன் கதையே பிடித்திருக்கிறது. அதில் வீரர்களுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. கைநீட்டி வாங்கியதல்ல, உழைத்து ஈட்டியது.

முஸ்லிம்களாக இருந்துகொண்டு துருக்கியருக்கு எதிராகச் சண்டை போட்டார்களா?

போட்டார்கள். வியன்னாவில் எதிர்ப்பக்கமும் கிரிமியத் தாத்தார்கள் இருந்தார்கள். முகமும் உடையும் ஒன்றுபோல இருந்ததால், தம் ஆள் யார் என்று தெரிய, போலந்துப் பக்கத்துத் தாத்தார்கள் தலைக்கவசத்தில் வைக்கோல் செருகிக்கொண்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அன்றைய மனிதனுக்கு விசுவாசம் என்பது முதலில் உப்பிட்ட அரசனிடம். அந்த உப்பு வராமல் போனால் என்ன ஆகும் என்பதை 1672 காட்டிவிட்டது.

அப்படியானால் ஊரில் எல்லோரும் தாத்தார்களா?

இல்லை. பெரும்பாலோர் பெலாரஸ் வழி வந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். தாத்தார் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே தெருவில் புனித அன்னாளின் பெயரில் ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் இருக்கிறது. "தாத்தார் கிராமம்" என்ற பலகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதில் கொஞ்சம் ஏமாந்துபோவதுண்டு. எனக்குத் தெரிந்து, இந்தக் கலப்புதான் ஊரின் உண்மையான விசேஷம். ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் ஜனவரியில், பக்கத்து வீட்டில் ரமலான் பெருநாள், மாவட்டத் தலைநகரிலோ கத்தோலிக்கர்களின் டிசம்பர் கிறிஸ்துமஸ்.

ஊரில் தங்கியவர்கள் குறைவே தவிர, ஊருக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் நிறைய. பியாவிஸ்தோக், சோகூவ்கா, வார்சா என்று போய்விட்ட குடும்பங்கள் பெருநாளுக்கும் அடக்கத்துக்கும் இங்கே வருகின்றன.

அவர்கள் பேசுவது தாத்தார் மொழியா?

அந்த மொழியைத் தொலைத்து நானூறு வருடம் இருக்கும். வந்தவர்களில் பெரும்பாலோர் படைவீரர்கள். மணந்துகொண்டது உள்ளூர்ப் பெண்களை, பிள்ளைகள் பேசியது அம்மாவின் மொழியை. 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெலாரஸ்-போலிஷ் பேச்சே வீட்டுமொழி ஆகிவிட்டது. குடும்பப் பெயரும் அப்படியே உள்ளூர் வால் ஒட்டிக்கொண்டது: முன்பெயர் முஸ்தபா அல்லது செலிம், பின்பெயர் பொக்தானோவிச் அல்லது அலெக்சாந்த்ரோவிச்.

ஆனால் எழுத்தை விடவில்லை. பெலாரஸ் மொழியையும் போலிஷையும் அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நபிமார் கதைகளும் சடங்கு விளக்கங்களும் கொண்ட நூலுக்குக் கிதாப் என்று பெயர். தொழுகைக்கும் துஆவுக்குமான கையடக்க நூல் ஹமாயில். எல்லாம் கையால் படியெடுத்தவை. அரபு எழுத்தில் இல்லாத ஸ்லாவிய ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டியும் குறைத்தும் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். இன்று மொழியியலாளர்களுக்கு இந்த ஏடுகள் பொக்கிஷம். நாலு நூற்றாண்டுக்கு முந்தைய பெலாரஸ் மொழியை உச்சரிப்போடு பிடித்துவைத்திருப்பவை இவை.

ஊரில் இன்று வயதானவர்கள் பேசுவது பெலாரஸ் வட்டார வழக்கு. கேட்டால் அதற்குப் பெயர் சொல்லமாட்டார்கள். "சும்மா பேசுவது" என்பார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பேச்சுக்கு வைத்திருக்கும் பெயரே அதுதான்.

பள்ளிவாசல் ஏன் தேவாலயம் மாதிரி இருக்கிறது?

கட்டிய தச்சர்களுக்குத் தெரிந்தது தேவாலயம் என்பதால். இப்போதிருக்கும் கட்டடம் ஏறக்குறைய 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. போலந்தில் நிற்கும் பள்ளிவாசல்களில் இதுவே மூத்தது. முகப்பில் இரண்டு சதுரக் கோபுரங்கள், மேலே குமிழ், அதன்மேல் பிறை. பிறையைக் கழற்றிவிட்டுச் சிலுவையை வைத்தால் அந்த வட்டாரத்து மரக்கோயில்களோடு ஒன்றிப்போகும். கோபுரங்கள் வெறும் அழகுக்கு. அதில் ஏறி யாரும் பாங்கு சொல்வதில்லை.

கிட்டே போனால் பச்சை வண்ணத்தின் அடியில் பலகைகளின் விளிம்பு தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே காலை வைத்தால் பைன் மரத்தின் வாசனை. தரையில் கம்பளத்தின் மேல் கம்பளம், காலடிச் சத்தமே கேட்காது. சுவரெங்கும் கண்ணாடிச் சட்டம் போட்ட அரபு வசனங்கள் தொங்கும். முஹிர் என்பார்கள். சிலது அச்சு, சிலது துணியில் தைத்தது, சிலதில் மக்கா, மதீனாவின் படம். தெற்குச் சுவரில், தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் ஒரு சிறு அறைபோல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் மரத்தாலான மிம்பர், அதாவது பிரசங்க மேடை. பெண்களுக்குத் தனி வாசல், தனிப் பகுதி. இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் நீளமாக ஒரு திறப்பு, அதில் மெல்லிய திரை.

மொத்தமும் ஒரு பெரிய கூடம் அளவுதான். படத்தில் பார்த்து மனதில் பெரிதாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மிசார் என்றால் என்ன?

முஸ்லிம் அடக்கத்தலம். பள்ளிவாசலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மரங்கள் அடர்ந்த மேடு, சுற்றிலும் கல்மதில், ஓர் இரும்புக் கதவு. என்னைக் கேட்டால், நேரம் குறைவு, ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், பள்ளிவாசலைவிட இதையே பார்க்கச் சொல்வேன்.

வாசிக்கக் கிடைக்கும் கற்களில் மிகப் பழையது 1699-ஆம் ஆண்டுடையது. அதாவது சாசனம் கிடைத்து இருபது வருடத்தில் இறந்த ஒருவர், முதல் தலைமுறை ஆளாகவே இருக்கக்கூடும். தலைமாட்டில் பெரிய கல், கால்மாட்டில் சின்னக் கல். பழையவை செதுக்கிய கற்கள்கூட அல்ல, வயலில் கிடைத்த உருண்டைப் பாறைகள். ஒருபக்கத்தைச் சமமாக்கி எழுத்து வெட்டியிருக்கிறார்கள். மேலே பிறையும் நட்சத்திரமும், கலிமா அரபியில், பெயரும் பதவியும் சில கற்களில் ரஷ்ய மொழியில், சிலவற்றில் போலிஷில். ஜார் காலத்தில் ராணுவத்தில் உயர்ந்தவர்களின் கல்லில் ரஷ்யன். 1918-க்குப் பிறகு போலிஷ். எந்தக் காலத்தில் யார் ஆண்டார்கள் என்பதை அந்த மேட்டில் மேலும் கீழும் நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

பாசி மூடி எழுத்து மறைந்த கற்கள் மரவேர்களுக்கிடையே சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் ஏறி நிற்காதீர்கள். சிலது கல்லறை என்றே தெரியாது.

நிலமும் வானிலையும் எப்படி?

பனியுகத்தில் வடக்கேயிருந்து இறங்கிய பனிப்பாளம் உருகிப் போகும்போது விட்டுச்சென்ற குப்பைதான் இந்த மண்: மணல், சரளை, களிமண், உருண்டைப் பாறை. மேடும் பள்ளமுமாக அலையலையாக இருக்கும், மலை என்று சொல்ல எதுவும் இல்லை. வயலில் உழும்போதெல்லாம் கல் கிளம்பும். அந்தக் கல்தான் வீட்டு அஸ்திவாரத்துக்கும் தெருவில் பாவவும் மிசாரின் மதிலுக்கும் போனது. அங்கே சற்றுமுன் சொன்ன கல்லறைக் கற்களும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து பனி உருட்டிக்கொண்டு வந்தவைதான்.

மண் சுமார் ரகம். ரை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, மாட்டுத்தீவனம் விளையும். பக்கத்தில் ஓடும் நியெதுபா சிற்றாறு ஷ்விஸ்வோச்சில் கலந்து, அது நேமன் நதிக்குப் போய், கடைசியில் பால்டிக் கடலில் சேர்கிறது. மேற்கே விரிந்து கிடப்பது க்னிஷின் காடு. பைனும் ஸ்ப்ரூசும் நிறைந்தது, காட்டெருமைகள் திரியும் காடு. அதன் பெரும்பகுதி 1988 முதல் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்புப் பூங்கா.

போலந்தின் குளிர்ந்த மூலை இது. ஜனவரியில் பாதரசம் மைனஸ் 20-க்கு இறங்கும் இரவுகள் உண்டு. ஏப்ரல் வந்தால் மின்கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை நாரை கூடு கட்டும்.

எத்தனை நாடுகளின் கையில் இருந்திருக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1795-இல் போலந்து-லிதுவேனியக் குடியரசை அண்டை நாடுகள் மூன்றாகப் பங்குபோட்டபோது இந்தப் பக்கம் பிரஷ்யாவுக்குப் போனது. 1807-இல் நெப்போலியனும் ஜாரும் தில்சித்தில் கைகுலுக்கிக்கொண்டதில் ரஷ்யாவுக்கு மாறியது. 1915-இல் ஜெர்மன் படை. பிறகு சுதந்திர போலந்து. 1939 செப்டம்பரில் சோவியத். 1941 ஜூனில் மறுபடி ஜெர்மனி. 1944-இல் செஞ்சேனை, அடுத்து மறுபடி போலந்து.

1910-இல் இங்கே பிறந்த ஒரு குழந்தை, தெருவைவிட்டு நகராமலே, 35 வயதுக்குள் ஆறு ஆட்சியைப் பார்த்திருக்கும்.

இரண்டாம் போருக்குப் பிறகு தாத்தார்களுக்கு என்ன ஆனது?

பாதிப் பேரை எல்லை பிரித்துவிட்டது. இரு போர்களுக்கு நடுவே போலந்துத் தாத்தார்களுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. 1925-இல் வில்னோவில் (இன்றைய லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ்) முஸ்லிம் மதச் சங்கம் உருவாகி, யாகுப் ஷின்கியெவிச் அதன் தலைவரான முஃப்தி ஆனார். 1936-இல் அரசாங்கம் அதைச் சட்டம் போட்டு அங்கீகரித்தது. 13-ஆம் வில்னோ குதிரைப்படை ரெஜிமென்டில் தாத்தார்களுக்கென ஒரு ஸ்க்வாட்ரனே இருந்தது.

1945-இல் எல்லைக்கோடு மேற்கே நகர்ந்ததும் வில்னோ, நோவோக்ருதெக் பக்கத்துப் பள்ளிவாசல்கள் அத்தனையும் சோவியத்துக்குள் போயின. போருக்கு முன் 15-க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்த போலந்தில் மிஞ்சியவை இரண்டு: குருஷினியானி, போஹோனிகி. வில்னோவிலிருந்து கிளம்பியவர்கள் ரயிலேறி க்தான்ஸ்க், ஷ்செச்சின், கோஜூவ் என்று போலந்தோடு புதிதாகச் சேர்ந்த மேற்குப் பகுதிகளில் இறங்கினார்கள். அங்கே பள்ளிவாசலும் இல்லை, முன்னோர் கல்லறையும் இல்லை. க்தான்ஸ்கில் புதிதாக ஒன்று எழ 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நாற்பது வருடத்தில்தான் குருஷினியானி வெறும் ஊர் என்பதிலிருந்து ஊற்றுக்கண் என்ற இடத்துக்கு வந்தது.

2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலந்து ஏற்றுக்கொண்ட நான்கு இனச் சிறுபான்மையினரில் தாத்தார்களும் ஒருவர். 2012-இல் இங்குள்ள பள்ளிவாசலும் மிசாரும் போஹோனிகியில் உள்ளவற்றோடு சேர்த்து வரலாற்றுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டன. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2010 மார்ச்சில், அன்று இளவரசராக இருந்த பிரிட்டனின் சார்லஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதை ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சாப்பிட என்ன கிடைக்கும்?

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜக் காரணம் இதுதான், தயங்காமல் கேளுங்கள்.

பியெரெகாச்செவ்னிக். பெயரிலேயே மாவைத் தேய்ப்பது இருக்கிறது. மாவு, முட்டை, உப்பு போட்டுப் பிசைந்து ஆறு உருண்டைகளாக்கி ஒவ்வொன்றையும் அடியில் மேசை தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்ப்பார்கள். உருக்கிய வெண்ணெய் தடவி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் பொடியாக வெட்டிய ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ பரப்பி, பாய்போலச் சுருட்டி, அந்தச் சுருளை நத்தைபோல வளைத்து வட்டச் சட்டியில் வைத்து அடுப்பில் ஏற்றுவார்கள். பொறுமையாக வேக வேண்டும். வெட்டினால் உள்ளே ஏடு ஏடாகப் பிரியும். கறி வேண்டாதவர்களுக்குப் பாலாடைக்கட்டியும் உலர்திராட்சையும் வைத்த இனிப்பு வகை உண்டு. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை உத்தரவாதமளிக்கப்பட்ட பாரம்பரியப் பண்டமாகப் பதிவு செய்தது. இது புவிசார் குறியீடு மாதிரி அல்ல, காப்பது செய்முறையை. எந்த ஊரிலும் செய்யலாம், ஆனால் இப்படித்தான் செய்ய வேண்டும்.

கொவ்துனி என்ற கறிக்கொழுக்கட்டை, எண்ணெயில் பொரித்த செபுரெக் ஆகியவையும் கிடைக்கும். தாத்தார் சாப்பாட்டால் பேர்பெற்ற உணவகம் ஒன்று 2018-இல் தீப்பிடித்து எரிந்துபோனது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் பணம் அனுப்பினார்கள். திரும்பக் கட்டி எழுப்பிவிட்டார்கள்.

அக்கம்பக்கத்தில் சண்டை சச்சரவு உண்டா?

ஊருக்குள் இல்லை. வெளியிலிருந்து வந்திருக்கிறது. 2014 ஜூன் கடைசியில் யாரோ இரவோடிரவாகப் பள்ளிவாசல் சுவரில் பன்றியின் படம் வரைந்துவிட்டுப் போனார்கள், மிசாரிலும் கிறுக்கினார்கள். நாட்டுப்பற்றுச் சின்னம் ஒன்றையும் கூடவே வரைந்திருந்தார்கள். அந்த நாட்டுக்காக முன்னூறு வருடம் குதிரையேறியவர்களின் சுவரில்!

இன்னொரு விவகாரம் சட்டம் சம்பந்தப்பட்டது. மயக்கமூட்டாமல் அறுப்பதற்கு இருந்த விதிவிலக்கை அரசியல் சட்டத் தீர்ப்பாயம் 2012 நவம்பரில் ரத்து செய்தது. 2013 தொடக்கத்திலிருந்து முஸ்லிம்களின் குர்பானியும் யூதர்களின் கோஷர் முறை அறுப்பும் சட்டவிரோதம். அந்த வருடம் தியாகத் திருநாளுக்குப் போஹோனிகியில் குர்பானி கொடுத்தே தீருவோம் என்று முஃப்தி அறிவிக்க, விலங்குநல ஆர்வலர்கள் வந்து எதிர்த்தார்கள். நானூறு பேர்கூட இல்லாத ஊரில் நாட்டுத் தொலைக்காட்சிகள் அத்தனையும். 2014 டிசம்பரில் அதே தீர்ப்பாயம் மதக் காரணத்துக்கான அறுப்பைத் தடுப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சொன்னது.

2021-இல் எல்லையில் நடந்தது இந்த ஊரைப் பாதித்ததா?

ரொம்பவே. மத்திய கிழக்கிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆட்களைப் பெலாரஸ் அரசு வரவழைத்து, போலந்து எல்லைக்குத் தள்ளியது. போலந்து அவர்களை உள்ளே விடாமல் திருப்பித் தள்ளியது. செப்டம்பர் 2 முதல் எல்லையோரமாக 183 ஊர்களில் நெருக்கடி நிலை. குருஷினியானியும் அதற்குள். வெளியாள் நுழையக்கூடாது என்றதும் பயணிகளை நம்பியிருந்த சமையலறைகளும் தங்கும் வீடுகளும் பூட்டிக்கிடந்தன. அடுத்த கோடை வரை கட்டுப்பாடு நீடித்தது. அதற்குள் எல்லையில் 186 கி.மீ. நீளத்துக்கு ஐந்தரை மீட்டர் உயர இரும்பு வேலி எழுந்தது.

காட்டில் குளிரில் செத்தவர்களும் ஆற்றில் மூழ்கிச் செத்தவர்களும் உண்டு. அவர்களில் முஸ்லிம்கள் சிலரைப் போஹோனிகி மிசாரில் அடக்கம் செய்தார்கள். முதல் அடக்கம் 2021 நவம்பரில், சிரியாவிலிருந்து வந்த 19 வயதுப் பையன். உறவு என்று யாரும் அருகில் இல்லை. ஊர்த் தாத்தார்கள் தோள்கொடுத்தார்கள். அதே ஊர்க்காரர்கள் எல்லைக்காவலில் நின்ற படைவீரர்களுக்கும் அண்டா அண்டாவாகச் சூப் வைத்து அனுப்பினார்கள். இந்த இரண்டையும் ஒரே கைதான் செய்தது என்பது தலைநகரத்தில் கட்சி கட்டி வாதாடியவர்கள் இருபக்கத்தாருக்குமே விளங்கவில்லை.

குருஷினியானியா போஹோனிகியா, எதற்குப் போவது?

கார் இருந்தால் இரண்டுக்கும். போஹோனிகி பள்ளிவாசல் இன்னும் சின்னது, கோபுரம் இல்லாமல் ஒரு குமிழோடு வீடுபோல இருக்கும். பழையது எரிந்தபின் 1873-இல் எழுந்தது. ஆனால் அதன் மிசார் பெரிது.

சுற்றுவட்டாரத்தில் வேறென்ன?

கிரின்கியைத் தவறவிடாதீர்கள். நடுச்சந்தியிலிருந்து பன்னிரண்டு தெருக்கள் சக்கர ஆரம்போலப் பிரியும். போருக்கு முன் தோல் பதனிடும் பட்டறைகள் நிறைந்த யூத டவுன் அது. 1942 நவம்பரில் நாஜிகள் அங்கிருந்தவர்களைக் கெல்பாசின் முகாம் வழியாகத் த்ரெப்லின்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய தொழுகைக்கூடத்தின் எஞ்சிய சுவர்களை 1971-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது கிடப்பது கற்குவியல். பெலாரஸ் எழுத்தாளர் சோக்ரத் யானோவிச்சின் ஊரும் இதுதான்.

காட்டுக்குள் வியெர்ஷாலின் என்றொரு இடம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத எலியாஷ் கிலிமோவிச் என்ற விவசாயி நிலத்தை விற்றுத் தேவாலயம் கட்டினார், கூட்டம் அவரைத் தீர்க்கதரிசி இலியா என்றது. 1930-களில் உலகின் புதுத் தலைநகரைக் கட்டுகிறேன் என்று அவர் ஆரம்பித்த இடத்தில் ஒரு மரவீடு நிற்கிறது.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது?

பேருந்தை நம்ப முடியாது. வார்சாவிலிருந்து பியாவிஸ்தோக் வரை ரயிலில் வந்து, அங்கே வாடகைக் கார் எடுப்பது உத்தமம். எல்லை நிலவரம் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் அன்று தடைப்பகுதி எதுவரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக் காவலர்கள் வண்டியை நிறுத்திக் கேட்பது சாதாரணம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பள்ளிவாசலுக்குள் முழங்கால் மறையும் உடை, பெண்களுக்குத் தலையில் ஒரு துணி. உள்ளே தரையில் உட்காரச் சொல்லி, தாத்தார் தொப்பி போட்ட ஒருவர் ஊர்க்கதை சொல்வார். சொல்வது போலிஷில், நடுநடுவே நகைச்சுவையோடு. மொழி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். மன்னரைக் காப்பாற்றிய கட்டம் வரும்போது, 1679-ஐ எடுத்து நீட்டிவிடாதீர்கள். அவருக்கும் அது தெரியும்.